எலெக்ட்ரானிகா ஆல்பத்தில் பெண் குரலைக் கேட்பது எப்படி: கொங்குப் பக்கத்துப் புதியவர்களுக்கு

எலெக்ட்ரானிகா என்றதும் கல்யாண மண்டபத்தில் டிஜே போடும் குத்து ரீமிக்ஸ்தான் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பலருக்கும் ஞாபகம் வரும். இங்கே சொல்லப்போவது அதுவல்ல. சிந்தசைசர், டிரம் மெஷின், வேறு பதிவிலிருந்து வெட்டிய துண்டுகளை வாசிக்கும் சாம்பிளர், கம்ப்யூட்டர் ஆகியவற்றால் இசையைக் கட்டி, அதன் நடுவே ஒரு பாடகியை நிறுத்தி, அவர் குரலை வைத்தே சுமார் 40 முதல் 55 நிமிடம் வரை கொண்டுபோகும் ஆல்பங்கள் இவை. உட்கார்ந்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கவென்றே செய்தவை.

சினிமாப் பாட்டில் பழகிய காது மெட்டையும் வரியையும் பிடித்துக்கொண்டு போகும். இந்த ஆல்பங்களில் அதை மட்டும் பிடித்தால் பாதிதான் தேறும். மீதிப் பாதி, குரல் உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில் இருக்கிறது. பாடகி காதோரம் முணுமுணுக்கிறாரா, ஆசாரத்தின் அந்தக் கோடியில் நின்று பாடுகிறாரா, இரண்டு மூன்று ஆளாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்கிறாரா? பாட்டு ஓட ஓட இந்தத் தூரம் மாறும். அதை மாற்றுவதில் தொண்டைக்கும் மெஷினுக்கும் சரிபங்கு. இந்தத் தூரத்தைப் பிடிக்கப் பழகுவதுதான் கீழே வரும் எல்லாப் படிகளின் வேலையும்.

கருவி: காசு அதிகம் வேண்டாம்

வயர் வைத்த இன்-இயர் இயர்போன் போதும். 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் வருவதே இந்த வேலைக்குத் தாராளம். விலையைவிட முக்கியம், அது காதை எப்படி அடைக்கிறது என்பது. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு ரப்பர் முனைகள் இருக்கும். பெரும்பாலானோர் முதலில் மாட்டியிருந்ததோடு விட்டுவிடுவார்கள். முனை சரியாக அடைக்காவிட்டால் பேஸ் முழுக்க வெளியே கசிந்து, பாட்டு தகரம் தட்டுவதுபோலக் கேட்கும். மூன்றையும் மாட்டிப் பாருங்கள். எதில் அடிச்சத்தம் கூடுதலாகவும் வெளிச்சத்தம் குறைவாகவும் கேட்கிறதோ அதுதான் உங்கள் அளவு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

புதுப் போன்கள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இல்லை. டைப்-சி அடாப்டர் வாங்கும்போது உள்ளே டாக் சிப் (போனின் டிஜிட்டல் தகவலை இயர்போனுக்கு ஏற்ற சத்தமாக மாற்றுவது) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அடாப்டர்களில் வெறும் வயர் மட்டும்தான் இருக்கும். அது சில போன்களில் பாடும், சிலவற்றில் பாடவே பாடாது. கடையிலேயே உங்கள் போனில் சொருகிப் பார்த்துவிடுவது நல்லது.

புளூடூத் இயர்பட் இருந்தால் அதுவும் சரிதான், ஒரு எச்சரிக்கையோடு. லேப்டாப்பில் மீட்டிங் ஆப் திறந்திருந்தால் இயர்பட் போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அப்போது இரண்டு காதிலும் ஒரே சத்தம், அதுவும் மங்கலாக வரும். சரவணம்பட்டியில் ஆபீஸ் நேரத்தில் கேட்பவர்கள் "இந்த ஆல்பம் பதிவே சரியில்லைங்க" என்று சொல்வதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் இந்த ஆல்பங்களைத் தொடங்கவே வேண்டாம். இடது வலது பிரியாது. அடியில் ஓடும் பேஸின் பெரும்பங்கு காணாமல் போகும்.

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள், சப்-வூஃபரை மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். மூலை பேஸை ஊதிப் பெருக்கும். அதன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு ஸ்பீக்கரும் காது உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் நீங்கள் உட்கார வேண்டும். இருந்தாலும் நம் ஊர் வீடுகளில் டைல்ஸ் தரையும் வெறும் சிமென்ட் சுவரும் சேர்ந்து அறையே எதிரொலிக்கும். பாடகியின் குரலில் இருக்கும் எதிரொலி எது, உங்கள் வீட்டு எதிரொலி எது என்று பிரியாது. பழகும் வரை இயர்போனே மேல்.

போனில் மாற்ற வேண்டியவை

ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

ஷஃபிளை அணையுங்கள். பாட்டு வரிசை யோசித்து அடுக்கப்பட்டது. கிராஸ்ஃபேடையும் அணையுங்கள், அது ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு கலந்துவிடும். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டும் கேப்லெஸ் என்ற அமைப்பு இருந்தால் அதை மட்டும் போட்டுவிடுங்கள்.

ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், டால்பி அட்மாஸ் என்று போனுக்குள் இருக்கும் எல்லா அலங்காரத்தையும் நிறுத்துங்கள். பல போன்களில் டால்பி வாங்கும்போதே ஆன் ஆகித்தான் வரும். அது நடுவில் நிற்கும் குரலைப் பரப்பிவிடும். தூரம் பார்க்கப் பழகும் நமக்கு அதுவே முதல் எதிரி. அக்சஸிபிலிட்டி பகுதியில், இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் தரும் 'மோனோ ஆடியோ' தப்பித்தவறி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தரம்: ஆப்பில் கிடைக்கும் உயர்ந்த அளவை வையுங்கள். 320 கேபிபிஎஸ் என்றால் 50 நிமிட ஆல்பத்துக்குச் சுமார் 120 எம்பி போகும். வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட்வொர்க் விழும் இடத்திலும் நிற்காது.

ஒலி அளவு பாதியைத் தாண்டி ஒன்றிரண்டு கோடு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். இந்த ஆல்பங்கள் மெல்லத் தொடங்குகிறவை. ஆரம்பத்தில் கேட்கவில்லை என்று ஏற்றிவிட்டு, பிறகு இறக்க மறந்துவிடுவது வழக்கமாக நடக்கும்.

எங்கே கேட்பது

மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். விசிறியின் இரைச்சல் மூச்சு, உதட்டுச் சத்தம் போன்ற நுணுக்கங்களை மூடிவிடும். உக்கடத்தில் ஏறினால் பொள்ளாச்சி இறங்குவதற்குள் ஒரு ஆல்பம் முடிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் முதல் முறைக்குப் பஸ் ஆகாது. எஞ்சின் உறுமல் பேஸைத் தின்றுவிடும், டிரைவர் போடும் பாட்டு மீதியைத் தின்றுவிடும். மூன்று நான்கு முறை கேட்டுப் பழகிய ஆல்பத்தைப் பஸ்ஸில் கேளுங்கள். விட்டுப்போனதை ஞாபகம் நிரப்பிக்கொள்ளும்.

தறிக் குடோனிலும் ஸ்பின்னிங் மில்லிலும் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வேலை நேரத்தில் இயர்போன் வேண்டாம். தறிச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமானால் காதுக்குள் அதைவிடக் கூடுதலாக ஏற்ற வேண்டியிருக்கும். ஷிஃப்ட் முடிந்த கையோடும் வேண்டாம். பெருஞ்சத்தத்தில் இருந்து வந்த காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தங்கள். பாடகியின் மெய்யெழுத்துக் கூர்மையும் மூச்சும் இருக்கும் இடம் அதுதான். குளித்து, சாப்பிட்டு, நிதானமாகக் கேளுங்கள். காதில் ரீங்காரம் அடிக்கடி வந்தால் பாட்டை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

முதல் ஆல்பம்

'டம்மி', 1994. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்துப் போர்ட்டிஸ்ஹெட் குழுவின் முதல் ஆல்பம்; நீளம் சுமார் 49 நிமிடம். பாடுபவர் பெத் கிப்பன்ஸ். இசையைக் கட்டியவர்கள் ஜெஃப் பாரோவும் ஏட்ரியன் அட்லியும். 1995இல் பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசு பெற்றது. இதைவிட எளிதான ஆல்பங்கள் உண்டு. ஆனால் தொடக்கத்துக்கு இதையே சொல்லக் காரணம், இதில் குரலும் மெஷினும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியும். தாளம் மெதுவானது, இசைத் துண்டுகள் குறைவு, குரல் முன்னால் நிற்கும்.

தேடும்போது குழுவின் பெயரையும் ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். நேரடி நிகழ்ச்சிப் பதிவு, ரீமிக்ஸ் தொகுப்பு எல்லாம் கலந்து வரும். பிற்காலப் பதிப்புகளில் கடைசியில் கூடுதல் பாட்டுகள் ஒட்டியிருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். இந்த ஆல்பம் 'குளோரி பாக்ஸ்' என்ற பாட்டோடு முடிகிறது.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்தால் பயம் இருக்காது. பாட்டுக்கு அடியில் பழைய இசைத்தட்டு தேயும் கரகரப்பு கேட்கும். இயர்போன் கெட்டுவிடவில்லை. அவர்கள் தாங்களே வாசித்ததைப் பதிவு செய்து, அதை இசைத்தட்டாக அடித்து, அந்தத் தட்டிலிருந்து மறுபடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். புது வாசிப்புக்கு முப்பது வருடப் பழமை வேண்டும் என்பதற்காக இந்த மெனக்கெடல். அந்தக் கரகரப்பு இசையைத் தள்ளிவைக்கிறது; அதற்கு முன்னால் கரகரப்பே இல்லாமல் பெத் கிப்பன்ஸ் நிற்கும்போது அவர் இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறார்.

மூன்று முறை கேட்பது

முதல் முறை, எதுவும் செய்யாதீர்கள். வரிகளைத் திரையில் ஓடவிடாதீர்கள், பாட்டைத் தாண்டாதீர்கள். பிடிக்காத பாட்டும் ஓடட்டும். ஆங்கிலம் புரியவில்லை என்பது இங்கே குறையல்ல. பெத் கிப்பன்ஸ் வார்த்தைகளை விழுங்கி, இழுத்து, உடைத்துப் பாடுகிறவர். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் சில இடம் பிடிபடாது.

இரண்டாம் முறை, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, குரலை மட்டும் பின்தொடருங்கள். ஒரு தாளில் பாட்டின் பெயர் எழுதி, பக்கத்தில் 'அருகில்', 'நடுவில்', 'தூரத்தில்' என்று குறியுங்கள். எந்த நிமிடத்தில் மாறுகிறது என்றும் எழுதுங்கள். தூரத்தைக் கண்டுபிடிக்க ஆறு அடையாளங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இந்தப் பகுதியை வையுங்கள்.

வால். பாடகி ஒரு வரியை முடித்து நிறுத்தும்போது சத்தம் உடனே அறுகிறதா, ஒன்றிரண்டு விநாடி நீண்டு தேய்கிறதா? உடனே அறுந்தால் குரல் பக்கத்தில். நீண்டு தேய்ந்தால் ரிவர்ப் என்ற செயற்கை எதிரொலி சேர்த்திருக்கிறார்கள்; குரல் தள்ளி நிற்கிறது. வரியின் நடுவில் இது தெரியாது, வரி முடியும் இடத்தில்தான் தெரியும்.

மூச்சு. வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு, பாடும் சத்தத்துக்குச் சமமாகக் கேட்டால் மைக் உதட்டருகே இருந்திருக்கிறது, கம்ப்ரஸர் என்ற கருவி சின்னச் சத்தங்களைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. நேரில் ஒருவர் மூச்சு அப்படிக் கேட்க வேண்டுமானால் அவர் உங்கள் தோளில் சாய்ந்திருக்க வேண்டும். குரல் மெல்லியதாக இருந்தும் நெருங்கி வந்து நம்மைத் தொந்தரவு செய்வதற்குக் காரணம் இதுதான்.

நடு. ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு மாற்றிக் கேளுங்கள். குரல் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அது நட்டநடுவில் இருக்கிறது. ஒரே வரியை இரண்டு முறை பாடி இரு பக்கமும் வைத்திருந்தால் சின்ன வித்தியாசம் தெரியும். அதற்கு டபுள் டிராக் என்று பெயர். பல்லவி போன்ற இடங்களில் திடீரென்று குரல் அகலமாவது பெரும்பாலும் இதனால்தான்.

திரும்பல். கடைசி வார்த்தை மட்டும் தாளத்துக்குச் சரியாக இரண்டு மூன்று தடவை ஒலித்து மறைந்தால் அது டிலே. ரிவர்ப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிவர்ப் தேயும், டிலே எண்ணும்.

வடிகட்டல். குரல் போன் வழியாக வருவதுபோல ஒடுங்கினால் அடியையும் உச்சியையும் வெட்டியிருக்கிறார்கள். காலத்தால் தள்ளிவைக்க இது உதவும்.

உருமாற்றம். குரலின் சுருதியையே இறக்கி ஏற்றுவது, வோகோடர் போட்டுக் குரலை வாத்தியமாக்குவது. இதற்கு ஒரே ஒரு பாட்டு போதும்: இமோஜன் ஹீப் 2005இல் வெளியிட்ட 'ஹைட் அண்ட் சீக்'. தாளம் கிடையாது, பேஸ் கிடையாது. அவர் ஒருவர் பாடுவதை ஹார்மனைசர் பல குரலாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் முறை, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். முதலில் 'தொம்' என்று விழும் கிக் டிரம், அடுத்து பேஸ், பிறகு மற்றவை. இதற்குப் பிறகு வரிகளை எடுத்துப் படிக்கலாம். முன்னாலேயே படித்தால் கண் முந்திக்கொண்டு காது சும்மா இருந்துவிடும்.

ஒரு பாட்டை அருகில் வைத்து

'குளோரி பாக்ஸ்' ஐந்து நிமிடப் பாட்டு. அடியில் படியிறங்கி வரும் பேஸ், அமெரிக்கப் பாடகர் ஐசக் ஹேய்ஸின் பழைய பதிவிலிருந்து எடுத்த சாம்பிள். அது திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் பெத் கிப்பன்ஸ் முதல் வரிகளைக் கிட்டத்தட்டச் சிறுபிள்ளைக் குரலில், மூக்கோடு சேர்த்து, மெலிசாகப் பாடுகிறார். குரல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் சின்னதாக. பல்லவி வரும்போது அதே தொண்டை முழுதாகத் திறக்கிறது. சத்தம் கூடியும் தூரம் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்; இதற்குத்தான் மூச்சையும் வாலையும் பார்க்கச் சொன்னது. பிறகு கிதார் கரடுமுரடாக உள்ளே வரும். முடிவை நெருங்கும்போது தாளம் உடைந்து கனக்கும், இசையே நொறுங்குவதுபோல ஆகும். அந்த இடத்தில் குரல் என்ன ஆகிறது என்று உங்கள் தாளில் எழுதுங்கள். விடையை இங்கே சொன்னால் பயிற்சி வீணாகிவிடும்.

"கேசட் சிக்கிக்கிச்சுங்களா?"

வீட்டில் ஸ்பீக்கரில் போட்டால் யாராவது இப்படிக் கேட்பார்கள். ஒரே தாளத் துண்டு, இரண்டு அல்லது நான்கு பார் நீளத்தில் (பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை), பாட்டு முழுக்கத் திரும்ப வருவதால் வரும் சந்தேகம். இதற்கு லூப் என்று பெயர்.

சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாலைந்து தறியை ஒரே ஆள் பார்த்துக்கொள்வார். சத்தம் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு தறியில் ஊடை அறுந்தால், முதுகைக் காட்டி நின்றாலும் அவருக்குத் தெரிந்துவிடும். சத்தம் மாறாமல் ஓடுவதால்தான் மாறியது சட்டென்று தெரிகிறது. லூப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடியில் எதுவும் மாறாமல் இருக்கும்போது, பாடகி ஒரு எழுத்தை அரை விநாடி தாமதித்துப் போட்டாலும் காதில் விழும். குரல் லேசாகப் பிசிறினாலும் விழும். சினிமாப் பாட்டில் இடையிசை, சரணம் என்று பின்னணி மாறிக்கொண்டே இருப்பதால் இப்படிப்பட்ட சின்ன அசைவு கவனத்தில் நிற்பதில்லை. ஆகவே லூப் அலுக்கிறது என்று தோன்றும் இடத்தில் குரலுக்குத் திரும்புங்கள்.

எண்ணத் தெரிந்தால் இன்னும் நல்லது. இந்த ஆல்பங்களில் பெரும்பாலான பாட்டுகள் நான்கு எண்ணிக்கைதான். ஆதி தாளம் போடத் தெரிந்தால் ஒரு ஆவர்த்தனம் இரண்டு பாருக்குச் சமம். நான்கு ஆவர்த்தனம், அதாவது 32 எண்ணிக்கை முடிந்து 33ஆவது எண்ணிக்கையில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று உள்ளே வரும், அல்லது வெளியே போகும். தாளம் தெரியாதவர்கள் விரலை மடக்கி எண்ணினாலே போதும். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 1995இல் 'போஸ்ட்' ஆல்பத்தில் பாடிய 'ஹைப்பர்பாலட்' இதற்கு நல்ல பாடம். மெல்லிய பேஸோடு தொடங்கும் பாட்டு, போகப் போக ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கிக் விழும் ஆட்டப் பாட்டாக மாறிவிடும். எங்கே மாறியது என்று எண்ணிப் பிடியுங்கள்.

வேகத்தை அளக்க 15 விநாடிக்கு எத்தனை அடி என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். டிரிப்-ஹாப் என்று சொல்லப்படும் வகை, அதாவது டம்மியின் வகை, 80 முதல் 100 வரை. ஆட்ட இசை வகைகளில் ஹவுஸ் 120க்கு மேல். டிரம் அண்ட் பேஸ் 165 முதல் 175.

டம்மிக்குப் பிறகு

ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். வரிசை எங்கள் கணக்கில் இப்படி.

'வாக்கிங் வூண்டட்', 1996. எவ்ரிதிங் பட் த கேர்ள் என்ற இருவர் குழு. பாடுபவர் ட்ரேசி தார்ன், உடன் பென் வாட். அதுவரை கிதார் பாட்டுகள் செய்துவந்தவர்கள், இந்த ஆல்பத்தில் டிரம் அண்ட் பேஸுக்கு மாறினார்கள். டிரம் படபடவென்று ஓடும். குரல் அதில் பாதி வேகத்தில், அவசரமே இல்லாமல், தாழ்ந்த சுருதியில் போகும். புதியவர்கள் டிரம்மோடு ஓடப் பார்த்துக் களைத்துவிடுவார்கள். குரலின் வேகத்துக்குக் காலைத் தட்டுங்கள், டிரம் தானாக அடங்கும்.

'ஃபெல்ட் மவுண்டன்', 2000. கோல்ட்ஃப்ராப், பாடகி அலிசன் கோல்ட்ஃப்ராப், உடன் வில் கிரெகரி. 9 பாட்டு, 40 நிமிடத்துக்குள். முதல் பாட்டு 'லவ்லி ஹெட்' விசிலோடு தொடங்கும். நடுவில் ஊளையிடும் சிந்தசைசர் ஒன்று வரும். அது உண்மையில் அலிசனின் குரல், கோர்க் எம்எஸ்-20 என்ற சிந்தசைசர் வழியாக விடப்பட்டது. முதல் தடவையிலேயே அது குரல் என்று கண்டுபிடிப்பவர்கள் குறைவு.

'ஹோமோஜெனிக்', 1997, பியோர்க். 10 பாட்டு, சுமார் 43 நிமிடம். ஐஸ்லாந்துக்காரரான பியோர்க், எட்டுப் பேர் கொண்ட ஐஸ்லாந்து வயலின் குடும்பக் குழுவையும், மார்க் பெல் செய்த கரடான தாளங்களையும் மோதவிட்ட ஆல்பம். 'யோகா' என்ற பாட்டில் தொடக்கம் முழுக்க நரம்பு வாத்தியங்கள். நடுவில் அவை விலக, தாளம் எரிமலை மாதிரி வெடிக்கும். இங்கே குரல் டம்மியில் போலக் காதோரம் நிற்காது. திறந்த வெளியில் கத்தும், ரகரத்தை உருட்டும், சட்டென்று உடையும். ஒலி அளவை ஒரு கோடு குறைத்துத் தொடங்குங்கள்.

அதே பியோர்க்கின் 'வெஸ்பர்டைன்', 2001, இதற்கு நேர் எதிர். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடும் ஆல்பம். ஹார்ப், மியூசிக் பாக்ஸ், கூட்டுக்குரல், இவற்றுக்கு அடியில் மிகச் சின்னச் சத்தங்களால் ஆன தாளம். 'அரோரா'வில் பனியில் நடக்கும் காலடிச் சத்தமே தாளம். 'பேகன் பொயட்ரி' முடிவை நெருங்கும்போது இசை எல்லாம் விலகிவிட, குரல் மட்டும் தனியாக நிற்கும். ஆடிக்காற்று ஜன்னலை ஆட்டும் நாட்களில் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் இந்த ஆல்பத்தைத் தள்ளிப்போடுங்கள். பாதி தாளம் காற்றில் போய்விடும். இந்த வரிசையில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வாங்க வேண்டியது இது.

'சைலன்ட் ஷவுட்', 2006. ஸ்வீடனின் த நைஃப். உடன்பிறந்தவர்களான காரின் ட்ரேயரும் ஓலோஃப் ட்ரேயரும். காரினின் குரலைச் சுருதி இறக்கி ஆண் குரல்போலவும், வேறு ஏதோ ஜந்துபோலவும் ஆக்கியிருப்பார்கள். முதல் மாதத்தில் இதைக் கேட்டால் ஓடிவிடத் தோன்றும். நான்கு ஆல்பம் தாண்டி வந்தால், உருமாறிய பின்னும் பாடுபவரின் உச்சரிப்பும் தயக்கமும் அப்படியே இருப்பது கேட்கும்.

தனித் தடமாக 'கலா', 2007. பாடுபவர் எம்.ஐ.ஏ.; ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். ஆல்பத்துக்குத் தாயின் பெயர். பதிவின் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாட்டுகளில் உறுமி அடி கேட்கும். கோயில் நோம்பியில் உறுமியையும் ஜமாப்பையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாளம் புதிதாக இருக்காது. குரலில் உருக்கத்தைத் தேடாதீர்கள். இவர் உணர்ச்சியைச் சொல்லும் விதம் வேறு: அலட்சியமாக, அடித்துச் சொல்வது. பிடித்தால் 2005இல் வந்த 'அருளர்' பக்கம் போகலாம்.

வேர் எங்கே என்று பார்க்க விரும்பினால் இரண்டு. டோனா சம்மர் 1977இல் பாடிய 'ஐ ஃபீல் லவ்', ஜியோர்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் தயாரித்தது. மூக் சிந்தசைசரின் ஓட்டத்தின் மேல் எடையே இல்லாமல் மிதக்கும் குரல். 1982இன் 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்', யாஸூ குழு. வின்ஸ் கிளார்க்கின் ஒல்லியான சிந்தசைசருக்கு மேல் அலிசன் மோயேயின் கனமான ப்ளூஸ் குரல். பிற்காலத்துப் பக்கம் வந்தால் எஃப்கேஏ ட்விக்ஸின் 'எல்பி1' (2014), கெல்லி லீ ஓவன்ஸின் 'இன்னர் சாங்' (2020).

தடுக்கி விழும் இடங்கள்

முதல் நிமிடத்தில் பாட்டைத் தாண்டிவிடுவது. குரல் வருவதற்கே முக்கால் நிமிடம் ஆகும் பாட்டுகள் இருக்கின்றன. சினிமா முன்னிசையைவிட நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் 'சோகப் பாட்டு' என்று ஒரே பெட்டியில் போடுவது. மெதுவாகவும் மைனர் சுருதியிலும் இருந்தாலே சோகம் என்று பழகியிருக்கிறோம். பெத் கிப்பன்ஸின் பாட்டுகளில் எரிச்சல், ஏளனம், சலிப்பு எல்லாம் இருக்கும். பாட்டுக்கு ஒரு வார்த்தை எழுதி வையுங்கள், 'சோகம்' என்ற வார்த்தையை மட்டும் பயன்படுத்தாமல்.

ஸகரம் காதைக் குத்துவது. குரல் உச்சத்தில் 'ஸ்', 'ஷ்' கூசினால் பெரும்பாலும் இயர்போன் கோளாறு. ஈக்வலைசரை இதற்கு மட்டும் திறந்து, 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபல் இறக்குங்கள். அதற்கு மேல் இறக்கினால் மூச்சும் சேர்ந்து போய்விடும்.

பேஸ் அதிகம் வைத்துக் கேட்பது. டவுன் பஸ் பழக்கம். பேஸ் ஊதினால் குரலின் அடிப்பாகத்தை அது மூடிவிடும், பாடகி மெலிந்து தெரிவார். பிறகு "குரலில் கனமே இல்லையே" என்று தோன்றும்.

ஒரே நாளில் மூன்று ஆல்பம் கேட்பது. எதுவும் நிற்காது.

வாங்கி வைப்பதானால்

பிடித்ததை எஃப்எல்ஏசி கோப்பாக, அதாவது சத்தத்தில் எதையும் வெட்டாமல் சுருக்கிய கோப்பாக, வாங்கி வைக்கலாம். சிடி தரத்தில் 50 நிமிட ஆல்பம் சுருக்காமல் இருந்தால் சுமார் 530 எம்பி; எஃப்எல்ஏசியில் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேல் வரும். எம்பி3 கோப்பை எஃப்எல்ஏசியாக மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; கோப்பு பெரிதாகும், வெட்டி எறிந்த சத்தம் திரும்ப வராது. பழைய சிடி கிடைத்தால் தட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் பெரும்பாலும் பாடிவிடும். வட்டத்தின் போக்கிலேயே ஓடும் கீறல் இருந்தால் அந்த இடத்தில் பாட்டு தாவும், அதை வாங்காதீர்கள்.